எல்லாருக்கும் ஒரே கேக்

இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் கரட் கேக். துருவிய கரட், கறுவா, சாதிக்காய், இஞ்சி, முந்திரிகை வற்றல், மேலே கனமாகப் பூசிய கிரீம் சீஸ் ஐசிங் என்று பிரித்தானியத் தேநீர்க் கடைகளில் எங்கும் காணும் கேக் அது. லண்டனின் குரோய்டனில் நம் தமிழர் வீடுகளிலும் அது இடம்பிடித்துவிட்டது. பிறந்தநாளுக்கு அடிக்கிறோம், விருந்தாளி வந்தால் அடிக்கிறோம், காய்கறி சேர்ந்த பண்டம் பிள்ளைகளுக்கு நல்லது என்ற நம்பிக்கையோடும் அடிக்கிறோம். இந்தக் கேக்கில் போடும் சீனியைப் பாதிக்கும் கீழே கொண்டுவரலாம். அப்படிக் குறைத்த கேக்கை நீரிழிவுக்காரருக்கென்று ஒதுக்கி வைக்காமல், வீட்டில் எல்லாரும் உண்ணும் ஒரே கேக்காக ஆக்க வேண்டும். இதுதான் என் வாதம். முதற் பகுதியை ஏற்பவர்கள் பலர். இரண்டாம் பகுதி வரும்போதுதான் தயக்கம் எழுகிறது. அந்தத் தயக்கத்தோடுதான் இன்று அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1940 ஜனவரி 8 ஆம் திகதி பிரித்தானியாவில் சீனிக்கும் வெண்ணெய்க்கும் பங்கீடு தொடங்கியது. ஆளுக்கு வாரம் 12 அவுன்ஸ் சீனி என்று ஆரம்பித்து, பிறகு அது 8 அவுன்ஸாகக் குறைந்தது. அது போர்க்காலம். வெளிநாட்டுச் சீனி கடல் கடந்து வரவேண்டும், கப்பல்களோ வழியில் மூழ்கடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. கரட் மட்டும் உள்ளூர் மண்ணில் தாராளமாக விளைந்தது. உணவு அமைச்சு 'டொக்டர் கரட்' என்ற சித்திரப் பாத்திரத்தை உருவாக்கி, புடிங்கிலும் கேக்கிலும் கரட்டைச் சேர்த்து இனிப்பூட்டும் முறைகளைத் துண்டுப் பிரசுரங்களாக வெளியிட்டது. கரட்டை இனிப்புப் பண்டத்தில் சேர்க்கும் வழக்கம் அதற்கு மிக முந்தியது என்பது உண்மை. ஆனால் இந்த நாட்டின் சாதாரண அடுக்களைகளில் அதை ஊன்றியது சீனித் தட்டுப்பாடு. இன்று அந்தக் கேக்கின் அடையாளமாகவே ஆகிவிட்ட கிரீம் சீஸ் ஐசிங் பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. சீனியைக் குறைத்தால் கரட் கேக்கின் மரபு கெட்டுவிடும் என்று சொல்பவர்கள் எந்த மரபைச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

எட்டு அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 227 கிராம். நாளொன்றுக்கு 32 கிராம். 2015 இல் இந்நாட்டின் ஊட்டச்சத்துக்கான அறிவியல் ஆலோசனைக் குழு வளர்ந்தவர் ஒருவருக்கு வகுத்த உச்ச அளவு நாளுக்கு 30 கிராம். ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு 24, நான்கு முதல் ஆறு வயதினருக்கு 19. நாமாகச் சேர்க்கும் சீனி, தேன், பாகு, பழச்சாற்றில் உள்ள சீனி எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். பங்கீட்டுச் சீனிக்கு வெளியே ஜாம், மிட்டாய் போன்றவற்றுக்குத் தனிப் பங்கீடு இருந்தபடியால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. என்றாலும் போர்க்காலத்து மக்கள் உண்ட அளவு, இன்றைய மருத்துவ அறிவுரைக்கு நம் இன்றைய பழக்கத்தைவிட அருகில் இருந்தது.

அதன் விளைவு என்ன என்பதை 2024 இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. தாதேயா கிராக்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் பிரித்தானிய பயோபாங்க் என்ற மருத்துவத் தரவுத் தொகுப்பில் பதிவாகியிருந்த அறுபதினாயிரம் பேரின் தரவுகளை எடுத்துக்கொண்டார்கள். சீனிப் பங்கீடு 1953 செப்டெம்பரில் முடிந்தது. முடிந்ததும் மக்கள் உண்ட சீனி ஏறத்தாழ இரட்டிப்பாகியது. அந்த எல்லைக்கோட்டுக்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். தாயின் வயிற்றிலும் முதல் இரண்டு வயதிலும் பங்கீட்டுக் காலத்தைக் கழித்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும் உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதமும் குறைவாக இருந்தன. நோய் வந்தவர்களுக்கும் அது சில ஆண்டுகள் தாமதித்தே வந்தது. இதிலிருந்து ஒரு கேக்கைத் திருத்தினால் நீரிழிவு நீங்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். நாடு முழுவதற்கும் ஆண்டுக் கணக்கில் நடந்த மாற்றம் அது, ஒரு வீட்டின் சனிக்கிழமைக் கேக் வேறு. ஆனால் அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது, அன்று சீனியைக் குறைத்தது நோயாளிகளுக்கு மட்டும் இல்லை என்பதுதான். எல்லாரும் உண்ணும் உணவு மாறியது. நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, யாருக்கு வரும் என்று எவருக்கும் தெரியாத நிலையில், அந்த மாற்றம் வேலை செய்தது.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். தெற்காசிய மக்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்து ஐரோப்பிய மக்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம் என்று இந்த நாட்டு மருத்துவ அமைப்புகள் நெடுநாளாகச் சொல்லி வருகின்றன. மற்றவர்களுக்கு நாற்பது வயதில் தொடங்கும் எச்சரிக்கை நமக்கு இருபத்தைந்திலேயே தொடங்குகிறது. உடல் எடையிலும் அப்படித்தான். பிறருக்கு ஆபத்தின் தொடக்கம் உடற்பருமன் குறியீடு 25 என்றால் நமக்கு 23. தோற்றத்தில் மெலிந்தவர்களும் நம்மிடையே தப்புவதில்லை. இத்தகைய சமூகத்தில் நீரிழிவுக்காரருக்கு மட்டும் தனிக் கேக் என்ற ஏற்பாடு யாரைக் காக்கிறது? நோய் கண்டறியப்பட்டவரை மட்டும். நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்துகொண்டு அதை அறியாத முப்பத்தைந்து வயது மகனை அது காக்கவில்லை. கர்ப்பகால நீரிழிவுக்கு ஆளாகக்கூடிய மருமகளைக் காக்கவில்லை. நாளுக்கு 19 கிராம் மட்டுமே கொள்ளக்கூடிய ஐந்து வயதுப் பேத்தியைக் காக்கவில்லை. அவர்களெல்லாம் மற்றக் கேக்கை உண்கிறார்கள்.

தனிக் கேக்கால் நோயாளிக்கும் நன்மை இல்லை. எல்லாரும் கூடி மகிழும் மேசையில் மூலையில் ஒரு சிறு தட்டு வைத்து, இது அப்பாவுக்கு, இது மாமிக்கு என்று அடையாளமிடுகிறோம். அன்பினால் செய்வதுதான், அதை நான் குறைகூறவில்லை. ஆனால் அந்த அன்பு ஒருவரைக் கூட்டத்திலிருந்து பிரித்து வைக்கிறது. பிரிக்கப்பட்டவர் தன் தட்டை மரியாதைக்குத் தொட்டுவிட்டு, யாரும் பாராத நேரத்தில் மற்றக் கேக்கிலும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டால் அதில் வியப்பில்லை. நம் வீடுகளில் சோற்றுப்பானை ஒன்றுதான் இருக்கும், அவரவர் அளவுக்கு அவரவர் எடுத்துக்கொள்வார்கள். கேக்கிலும் அதே ஒழுங்கு வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இனிக் கணக்கு. வழக்கமான கரட் கேக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கலவையில் 250 கிராம் சீனி, ஐசிங்கில் 300 கிராம் ஐசிங் சீனி. இது மிகைப்படுத்திய அளவு இல்லை, அச்சில் உள்ள பல செய்முறைகள் இதையொட்டியே இருக்கின்றன. மொத்தம் 550 கிராம். பன்னிரண்டு துண்டாக வெட்டினால் துண்டுக்கு ஏறத்தாழ 46 கிராம். வளர்ந்த ஒருவரின் ஒருநாள் அளவை ஒரே துண்டு ஒன்றரை மடங்காகத் தாண்டிவிடுகிறது. சிறு பிள்ளைக்கு அது இரண்டு நாள் அளவுக்கும் மேல். சீனியைக் குறைக்க விரும்பும் பலர் கலவையில்தான் கை வைக்கிறார்கள். கலவைச் சீனியைப் பாதியாக்கி ஐசிங்கை அப்படியே விட்டால் துண்டுக்கு 35 கிராம் மிஞ்சும். கலவையை அப்படியே விட்டு ஐசிங்கை நீக்கினால் 21. சீனியின் பெரும்பங்கு கேக்குக்குள் இல்லை, அதன் மேலே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்: கலவையில் 125 கிராம், மேற்பூச்சில் 40 கிராம் மட்டும். துண்டுக்கு 14 கிராமுக்குக் கிட்ட வந்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கரட்டைப் பற்றிய நம்பிக்கையையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கேக்குக்கு 300 கிராம் கரட் போட்டால் துண்டுக்கு 25 கிராம் வரும். காய்கறியில் ஒரு பங்கு என்று கணக்கிடும் 80 கிராமில் அது மூன்றில் ஒன்றுகூட இல்லை. கரட் கேக் கரட்டுக்குப் பதிலாகாது.

இதை நாமே செய்ய வேண்டியதில்லை, கம்பனிகள் செய்யட்டும் என்று சிலர் நினைக்கலாம். செய்து பார்த்தார்கள். பிள்ளைகள் அதிகம் உண்ணும் பண்டங்களில் 2020 க்குள் சீனியை 20 சதவீதம் குறைக்கும்படி இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறை உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது. கேக்கும் அந்தப் பட்டியலில் இருந்தது. கட்டாயமில்லாத அந்த வேண்டுகோளின் முடிவில் கடைப் பண்டங்களில் மொத்தமாகக் குறைந்தது 3.5 சதவீதம். 2018 ஏப்ரலில் வரி விதிக்கப்பட்ட குளிர்பானங்களில் மட்டும் ஏறத்தாழ பாதிச் சீனி போய்விட்டது. பானத்தில் சீனி இனிப்பைத் தருவதோடு சரி. கேக்கிலோ அது கட்டுமானத்துக்குள் புகுந்து நிற்கிறது. அதனால்தான் எடுப்பது கடினம் என்று தொழிற்சாலைகள் சொல்கின்றன. அதில் உண்மை உண்டு. எந்தக் கேக்கில் எவ்வளவு உண்மை என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சீனி கேக்குக்குள் என்ன செய்கிறது? பட்டர் கேக்கில் பட்டரையும் சீனியையும் நுரைக்க நுரைக்க அடிக்கிறோம். சீனிப் பளிங்குகள் கொழுப்பைக் கீறிச் சிறு காற்றுக் குமிழ்களை உள்ளே புகுத்துகின்றன. போறணையில் அந்தக் குமிழ்கள் விரிவதால்தான் கேக் எழும்புகிறது. அங்கே சீனியைப் பாதியாக்கினால் கேக் தட்டையாகும். கரட் கேக்கில் பட்டர் இல்லை, எண்ணெய்தான். எழுச்சி வருவது முட்டையிலிருந்தும் பேக்கிங் பவுடரிலிருந்தும் அப்பச்சோடாவிலிருந்தும். ஆகவே முதல் தடை இங்கே இல்லை. இரண்டாவதாக, சீனி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. கரட்டில் நூற்றுக்கு 88 பங்கு நீர், அது வெந்துகொண்டே மெல்ல ஈரத்தை விடுகிறது. எண்ணெய் கேக்கை மிருதுவாக வைத்திருக்கிறது. இந்த வேலையையும் வேறு பொருட்கள் ஏற்றுக்கொள்கின்றன. மூன்றாவது சற்றுக் கவனிக்க வேண்டியது. சீனி நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் மாவில் குளூட்டன் வலுப்பெறுவது தடைப்படுகிறது, மாப்பொருள் இறுகும் வெப்பநிலையும் உயர்கிறது. சீனி குறைந்தால் கேக் சீக்கிரம் இறுகி, மேலே வெடித்து, சற்று முரடாகலாம். மாவைச் சேர்த்த பின் அதிகம் அடிக்காமல் அகப்பையால் மெல்லக் கலந்து, 180 பாகைக்குப் பதில் 170 பாகையில் வைத்து வேகவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டு மேசைக்கரண்டி தயிர் சேர்ப்பதும் உதவும். நான்காவது நிறம். சீனி குறைந்த கேக் மேலே அவ்வளவு சிவக்காது. அப்பச்சோடா கலவையின் புளிப்பைத் தணித்து நிறம் பிடிக்க உதவும், கறுவாத் தூளும் தன் நிறத்தைத் தரும். பட்டர் கேக்கோடு ஒப்பிட்டால் கரட் கேக்கில் சீனியின் பிடி எவ்வளவு தளர்ந்தது என்று தெரியும். அதனால்தான் திருத்தத்தை இந்தக் கேக்கில் தொடங்கச் சொல்கிறேன்.

செய்முறை நீண்டதில்லை. 225 கிராம் கோதுமை மா, மூன்று முட்டை, 150 மில்லிலீற்றர் சூரியகாந்தி எண்ணெய், மெல்லிய துருவலாக 300 கிராம் கரட், 125 கிராம் சீனி, 75 கிராம் முந்திரிகை வற்றல், வழக்கமான அளவு பேக்கிங் பவுடரும் அப்பச்சோடாவும், விரும்பினால் ஒரு கைப்பிடி கஜு அல்லது வோல்நட். கறுவா, ஏலம், சாதிக்காய், சுக்கு ஆகியவற்றை வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகப் போடலாம். வாசனை நாக்கை ஏமாற்றுகிறது என்று சொல்வது அதைச் சிறுமைப்படுத்துவதாகும். இனிப்போடு பழகிய வாசனைகள் வரும்போது மூளை இனிப்பைக் கூடுதலாக உணர்கிறது. ஒரு சிட்டிகை உப்பும் அவசியம். உப்பு கசப்பை அடக்கி மற்றச் சுவைகளை மேலெழும்ப விடுகிறது என்று பிரெஸ்லின், போஷாம் என்ற ஆய்வாளர்கள் 1997 இல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். மேற்பூச்சுக்குக் கொழுப்பு நீக்காத கிரீம் சீஸில் 40 கிராம் ஐசிங் சீனியும் தோடம்பழத் தோலின் துருவலும் சேர்த்து மெல்லியதாகப் பூசுங்கள். அது ஐசிங் போலக் கெட்டியாக நிற்காது, பூ வேலையும் செய்ய முடியாது. அதை இழப்பு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்னொரு இழப்பும் உண்டு. சீனி ஒரு பாதுகாப்புப் பொருள், அது குறைந்த கேக் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாளில் முடித்துவிட வேண்டும்.

நம் மக்களிடையே அதிகம் கேட்கும் மறுப்பு பனங்கட்டியைப் பற்றியது. வெள்ளைச் சீனிதான் கெடுதல், பனங்கட்டியோ தேனோ போட்டால் பயமில்லை என்பது. பனங்கட்டி யாழ்ப்பாணத்து மண்ணின் பொருள். அதன் வாசனைக்கு ஈடில்லை, ஓலைக் குட்டானில் வரும் பனங்கட்டியைக் கண்டால் மனம் நெகிழாத நம்மவர் குறைவு. ஆனால் அதன் பெரும்பகுதி சுக்குரோசுதான், வெள்ளைச் சீனியில் உள்ள அதே பொருள். அதில் உள்ள கனிமங்கள் ஒரு துண்டு கேக்கில் கணக்கில் எடுக்கத்தக்கவை இல்லை. 125 கிராம் சீனிக்குப் பதில் 125 கிராம் பனங்கட்டி போடுங்கள், நிறமும் மணமும் சிறக்கும். நல்லது என்று எண்ணி 250 கிராம் போட்டால் பயன் ஒன்றுமில்லை. பேரீச்சம்பழத்தை அரைத்துப் போடுவதும் இப்படித்தான். முழுப் பழமாக இருக்கும்போது கணக்கில் வராத அதன் சீனி, அரைத்துக் கூழாக்கியதும் சேர்த்த சீனியாகவே கணக்கிடப்படுகிறது.

செயற்கை இனிப்பூட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியது. ஏற்கனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுறுத்தல் பொருந்தாது, அவர்கள் தம் வைத்தியரோடு பேசி முடிவெடுக்கலாம். குடும்பம் முழுவதற்குமான கேக்கில் அவை வேண்டாம் என்பதற்கு என் காரணம் வேறு. அவை நாக்கை முந்திய இனிப்பிலேயே வைத்திருக்கின்றன. நாம் விரும்புவது பழக்கம் மாறுவதை.

பழக்கம் மாறுமா, பிள்ளைகள் உண்பார்களா என்பதுதான் மிக நேர்மையான மறுப்பு. அமெரிக்காவின் மோனெல் ஆய்வு நிலையம் 2016 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இரண்டு பக்கமும் பேசுகிறது. மூன்று மாதம் சீனியைக் குறைத்து உண்டவர்களுக்கு அதே புடிங் முன்பைவிட இனிப்பாகத் தோன்றியது. நாக்கு கூர்மையடைகிறது என்பது அதனால் தெரிகிறது. ஆனால் எவ்வளவு இனிப்பு தங்களுக்குப் பிடிக்கிறது என்பதில் அவர்கள் மாறவில்லை. தடை நீங்கியதும் பழையபடி சீனியைக் கூட்டிக்கொண்டார்கள். இந்த இரண்டாம் பாதியை மறைப்பது நேர்மையாகாது. எனக்கு அது கற்பிப்பது இதுதான்: விருப்பத்தைத் திருத்துவதைவிட மேசையில் வைப்பதைத் திருத்துவது எளிது. ஒரே வீட்டில் இரண்டு கேக் இருந்தால் இனிப்புக் கூடியதே முதலில் தீரும். ஒன்றுதான் இருந்தால், அதற்கே வாசனையும் ஈரமும் சரியாக இருந்தால், பிள்ளைகள் உண்பார்கள். ஒரேயடியாகப் பாதியாக்கத் தயங்குபவர்கள் முதலில் ஐசிங்கைத் திருத்தட்டும். கேக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் கலவைச் சீனியை இருபத்தைந்து கிராம் குறைத்துக்கொண்டு வரட்டும். இன்னும் இனிப்பு வேண்டும் என்பவருக்குத் தேனைப் பக்கத்தில் வைக்கலாம். அவர்களின் உரிமை பறிபோகவில்லை, கூட்டுவது அவர்கள் கையில் இருக்கிறது. கலவைக்குள் கரைந்துபோன சீனியை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

கொண்டாட்டம் என்றால் இனிப்பு வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டும். எல்லாக் கேக்கையும் திருத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இலங்கையின் லவ் கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ரவை, கஜு, பன்னீர், சீனிப்பாகில் ஊறிய நீற்றுப்பூசணி என்று அதுவும் வாசனைச் சரக்கும் காய்கறியும் சேர்ந்த கேக்தான். அதன் நடுப்பகுதியின் பிசுபிசுப்பு சீனியால் வருவது, பாதியாக்கினால் அது வேறொன்றாகிவிடும். அதை விட்டுவிடுவோம். அந்தக் கேக்கோடு நம் முன்னோர் வேறொரு கட்டுப்பாட்டையும் வைத்திருந்தார்கள். லவ் கேக்கையும் கல்யாணக் கேக்கையும் விரல் அளவு சிறு துண்டுகளாக வெட்டித் தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். அளவு சிறிது, வருவதும் எப்போதாவது. இங்கே வந்த பிறகு கேக் வாரந்தோறும் வருகிறது, துண்டும் உள்ளங்கை அளவாகிவிட்டது. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, கோயில் விசேஷம், தமிழ்ப் பள்ளிப் பரிசளிப்பு, வேலையிடத் தேநீர் நேரம் என்று ஒவ்வொன்றும் எப்போதாவதுதான் வருகிறது. எல்லாம் சேர்ந்தால் மாதத்தில் ஒரு வாரமும் மிஞ்சுவதில்லை.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. சீனி குறைந்த கேக் என்பதால் எவ்வளவும் உண்ணலாம் என்று எண்ணிவிடாதீர்கள். கோதுமை மாவும் குளுக்கோசாகத்தான் மாறும், முந்திரிகை வற்றலிலும் சீனி உண்டு. நான் சொன்ன அளவில் ஒரு துண்டில் மா, வற்றல், கரட், சீனி எல்லாம் சேர்த்து காபோவைதரேற்று சுமார் 33 கிராம் இருக்கும். வழக்கமான கேக்கில் அது ஏறத்தாழ இரட்டிப்பு. இன்சுலின் எடுப்பவர்கள் அந்த 33 ஐயும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடையில் 'சீனி குறைத்தது' என்று எழுதியிருந்தால் ஒத்த பண்டத்தைவிடக் குறைந்தது 30 சதவீதம் குறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். 46 கிராமிலிருந்து 30 சதவீதம் குறைத்தாலும் 32 கிராம் மிஞ்சும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எழுத்தைப் படியுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குரோய்டனின் லண்டன் ரோட்டிலும் தோர்ன்டன் ஹீத்திலும் நார்பரியிலும் நம் சங்கங்களும் பள்ளிகளும் நடத்தும் விழாக்களில் கேக் மேசை ஒன்று இருக்கிறது. அங்கே நீரிழிவுக்காரருக்கு என்று எழுதிய தனித் தட்டை எடுத்துவிட்டு, இருக்கும் கேக்கின் முன்னே ஓர் அட்டை வையுங்கள். துண்டுக்கு எத்தனை கிராம் சீனி என்று அதில் எழுதுங்கள். அடித்தவருக்கு அந்தக் கணக்கு தெரியும், போட்ட சீனியைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். கஜு, வோல்நட், முட்டை, பால், கோதுமை சேர்ந்திருப்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் முதலில் தேடுவது அதைத்தான்.